பெரட்டு நாரை

எங்கள் மலையில் சமதரை என்பதே கிடையாது. பந்து விளையாடினால் ஒருவர் அடிப்பார், மற்ற எல்லோரும் தேயிலைக்குள் இறங்கித் தேடுவார்கள். அப்படிப்பட்ட தெமோதரைப் பக்கத்துத் தோட்டப் பள்ளிக்கூடத்தில், தொண்ணூறுகளின் நடுவில், ஐந்தாம் வகுப்புக்கு வந்த யாழ்ப்பாணத்து சார் கரும்பலகையில் ஒரு கட்டுரைத் தலைப்பு எழுதினார்: ‘நான் கண்ட நீர்ப்பறவை’. நான் கண்டவை காக்கையும் கோழியும் மைனாவும்தான். அவற்றில் எதுவும் தண்ணீரில் நின்றதில்லை.

ஆகவே கூச்சமே இல்லாமல் ஒரு நாட்டை உண்டாக்கினேன். அங்கே மலை கிடையாது. கண்ணுக்கு எட்டிய மட்டும் முழங்கால் தண்ணீர். அதில் கன்றுக்குட்டி உயரத்தில் பறவைகள், தேயிலைச் செடியை வெட்டுகிற கவ்வாத்துக் கத்தி மாதிரி வளைந்த அலகோடு. விடிந்ததும் அவை வரிசையாக நிற்கும். தலைப்பாகை கட்டிய கங்காணிப் பறவை பேர் கூப்பிடும். பிந்தி வந்ததைத் திருப்பி அனுப்பிவிடும். காலையில் கூடுகிற எந்த உயிரும் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்குத்தான் கூடும் என்று நம்பியிருந்தவள் நான். அதனால் ‘பெரட்டு நாரை’ என்று பெயர் வைத்தேன்.

கட்டுரைக் கொப்பி திரும்பி வந்தபோது, ‘பெரட்டு’ வந்த இடமெல்லாம் சிவப்பு மையால் வெட்டி, மேலே ‘புரட்டு’ என்று எழுதியிருந்தது. புரட்டு என்றால் பொய், பித்தலாட்டம். சார் கண்டுபிடித்துவிட்டார்.

அடி வாங்கத் தயாராகி சாரின் மேசைக்கு முன்னால் நின்றேன். அவரோ, “சேத்தைப் புரட்டி மீன் பிடிக்கிற நாரைதானே? எங்கட ஊர்க் கடலேரியிலயும் வந்து நிக்கும். எங்க கண்டனீர்?” என்றார்.

எங்கள் பெரட்டு அவருக்குத் தெரியாது. எழுத்துப் பிழை என்று திருத்தியிருக்கிறார். போன உயிர் திரும்பி வந்தது. வந்த உயிர் சும்மா இருந்திருக்கலாம். “கீழ ஓடைகிட்ட, சேத்துல இருக்குங்க சார்” என்று சொல்லித் தொலைத்தேன்.

“அப்ப சனிக்கிழமை வாறன். காட்டும்.”

அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். “சாருகிட்டயே பொய் சொல்லிட்டு வந்திருக்கியே, இனிமே பள்ளிக்கூடத்துல வச்சிருப்பாங்களாடி ஒன்னைய?” அக்கா ஐந்தாம் வகுப்போடு நின்று, கொழும்பில் ஒரு வீட்டில் வேலைக்கு இருந்தாள். பள்ளிக்கூடம் கைவிட்டுப் போனால் எனக்கும் அதே வழிதான். இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

சனிக்கிழமை சார் குடையோடு வந்தார். எங்கள் லயத்து வீடுகளுக்குக் கீழே, மாட்டுக்குப் புல் அறுக்கிற சேற்று நிலத்துக்குக் கூட்டிப்போனேன். மழையில் ஓடை பெருகிக் கொஞ்சம் தண்ணீர் தேங்கியிருந்தது. சார் கரையில் நின்று பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு தவளைகூட எட்டிப் பார்க்கவில்லை. கடைசியில் நான் அழுதுவிட்டேன்.

“அப்படி ஒரு பறவையே இல்லீங்க சார். நானா எழுதினேன். பள்ளிக்கூடத்த விட்டு நிப்பாட்டிறாதீங்க.”

“அது தெரியும் பிள்ளை. உம்மை ஆர் நிப்பாட்டப் போறது? கொஞ்சம் நில்லும்” என்றார், தண்ணீரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

யாழ்ப்பாணத்தார் ‘நில்லும்’ என்றால் சற்றுப் பொறு என்று அர்த்தம். எங்கள் பள்ளிக்கூடத்தில் ‘நில்’ என்றால் தண்டனை. கையைக் கட்டிக்கொண்டு விறைப்பாக நின்றேன். காலில் அட்டை ஏறியது, அசையவில்லை. இவ்வளவோடு போயிற்றே என்று சந்தோஷம்கூட.

“எங்கட கடலேரிக்கு இந்த மாசத்திலதான் வாறதுகள்” என்று சார் தனக்குள் சொல்லிக்கொண்டார்.

அவர் ஊருக்குப் போகும் பாதையைப் போர் மூடியிருந்தது. தாயார் அந்தப் பக்கம், கடிதமும் வருவதில்லை. இதெல்லாம் வெகுகாலம் கழித்து அறிந்தது. அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம், பறவை பொய் என்று நான் அழுது சொல்லி, தெரியும் என்று அவரே சொன்ன பிறகும் அவர் அதற்காகக் காத்து நிற்கிறார் என்பதுதான். இவ்வளவு படித்த மனிதருக்கு இதுகூட விளங்கவில்லையே என்று நான் அவருக்காகப் பரிதாபப்பட்டேன்.