நிறம் பார்த்து டிக் போட்டேன்

ஒன்றுக்குச் சிவப்பாகப் போனால் மருந்து முழுவதும் உள்ளே போய்விட்டது என்று நம்பினேன். இருபத்திரண்டு வருஷம் மெடிக்கல் அசிஸ்டன்ட் வேலை பார்த்தவன் நம்பிய விஷயம் இது. சிரிப்பதென்றால் இப்போதே சிரித்துவிடுங்கள், பின்னால் இடம் கிடைக்காது.

ஜார்ஜ் டவுனில் ஓர் அரசு கிளினிக்கின் டிபி அறையில் இருந்தேன். நோயாளி தினமும் வரவேண்டும், என் கண் முன்னால் மாத்திரைகளை விழுங்கி வாயைத் திறந்து காட்டவேண்டும், நான் கார்டில் டிக் போடவேண்டும். இவ்வளவுதான் வேலை.

குணா நுரையீரலைச் சுற்றி நீர் கோத்து வந்தவர். ஆஸ்பத்திரியில் ஊசி குத்தி ஒன்றரை லிட்டர் எடுத்திருந்தார்கள். அதற்கும் காரணம் டிபிதான். நான்கு மருந்தும் கலந்த மாத்திரை அவர் ஈரலுக்கு ஒத்துக்கொள்ளாததால் தனித்தனியாகப் பிரித்துக் கொடுத்தார்கள். கடலுக்கு அந்தப் பக்கம் பட்டர்வொர்த் துறைமுகத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர். காலை ஷிப்ட்டுக்கு ஃபெர்ரி ஏறும் நேரத்தில் எங்கள் கிளினிக் பூட்டிக் கிடக்கும்.

"அண்ணே, தினமும் லேட்டா போனா வேலை போயிரும்லா. வாரத்துக்கு மொத்தமா குடுங்க, வீட்டுல சாப்பிடுறேன்."

"நீ சாப்பிட்டியா, சிங்க்ல போட்டியான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"சத்தியமாண்ணே!"

"சத்தியத்தை வச்சுக்க. இந்தச் சிவப்பு கேப்சூல் இருக்குல்ல, ரிஃபாம்பிசின், இதைச் சாப்பிட்டா ஒன்னுக்கு ஆரஞ்சு தண்ணி மாதிரி போகும். திங்கக்கிழமை உனக்கு லீவு நாள்தானே? டப்பாவுல கொண்டா. கலர் இருந்தா ஏழு டிக்."

என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன். தன் மனைவி தேவி துணிப்பையில் சுற்றிக் கொடுத்த டப்பாவோடு குணா திங்கள்தோறும் வந்தார். "சூப்பர்லா, ஐஸ் போட்டுக் கடையில விக்கலாம்" என்பேன். இருவரும் சிரிப்போம். ஏழு டிக்.

ஐந்தாவது மாதம் இருமலோடு வந்து, ஃபெர்ரி ஏறவே மூச்சு வாங்குகிறது என்றார். சளியை டெஸ்டுக்கு அனுப்பினோம். நோய் நுரையீரலுக்குள்ளேயே போயிருந்தது. அதுவும் ரிஃபாம்பிசினுக்குக் கேட்காத கிருமி.

ரிப்போர்ட்டைப் படித்ததும் எனக்கு ஞாபகம் வந்தது குணா அல்ல, என் நெஞ்சு. அவரோடு ஒரே மேசையில் இரண்டு தடவை கோப்பி குடித்திருக்கிறேன். உடனே இருமல் வந்தது. டாய்லெட்டில் நின்று போன் விளக்கை அடித்துத் தொண்டையைப் பார்த்தேன். எக்ஸ்ரே எடுத்த பெண் மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொன்னபோது, "இதுதான் கடைசி மூச்சாம்மா?" என்று கேட்டேன்.

"ஐயோ அங்கிள், ஆடாம நில்லுங்கலா!"

என் நுரையீரல் சுத்தமாக இருந்தது. அதற்கப்புறம்தான் குணாவைக் கூப்பிட்டு, டாக்டர் முன்னால் உட்காரவைத்துக் கேட்டேன்.

"மாத்திரையை விட்டியா?"

"ஒரு நாள்கூட இல்லண்ணே. சிவப்பை விடவே இல்ல."

"மத்ததெல்லாம்?"

"அது குமட்டுச்சுண்ணே. நீங்க சிவப்பைத்தானே பாக்குறீங்க?"

டாக்டர் சீனப் பெண், தமிழ் தெரியாது. குணா என்ன சொல்கிறார் என்று மலாயில் கேட்டார். அறையில் மொழிபெயர்க்க நான் ஒருவன்தான் இருந்தேன். ஒரு வார்த்தையை மாற்றினால் போதும், தப்பித்திருக்கலாம். நாக்கு அந்தப் பக்கம் போகத்தான் பார்த்தது. குணா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளதைச் சொன்னேன். அந்த மாதமே என்னை ஸ்டோருக்கு மாற்றினார்கள்.

டிபி அறைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். மருந்துகள் சேர்ந்து அடித்தால்தான் அந்தக் கிருமி சாகும். ஒன்றை மட்டும் தனியாக அனுப்பினால், அதற்குச் சாகாத கிருமிதான் மிஞ்சிப் பெருகும். நான் அந்த ஒன்றை மட்டும் அனுப்பச் சொல்லிக்கொடுத்தவன். எல்லா மாத்திரையும் தொண்டைக்குள் இறங்குவதைக் கண்ணால் பாருங்கள். ஷிப்ட் இடித்தால் நீங்கள் சீக்கிரம் வந்து கதவைத் திறங்கள்.

குணா வேறு மருந்துகளைப் பல மாதம் சாப்பிட்டுப் பிழைத்தார். ஒரு பக்க நுரையீரல் சுருங்கிவிட்டது, துறைமுக வேலையும் போய்விட்டது. அவர் இருமிய நாட்களில் தேவிக்குத் தொற்றியதும் அதே கிருமி. தேவிக்கு ஏற்கெனவே இனிப்பு நீர், சர்க்கரை வியாதி. அவர் உடம்பில் ரிஃபாம்பிசின் முதல் நாளிலிருந்தே கேட்கவில்லை. மாற்று மருந்து தொடங்கிய ஆறாவது வாரம் தேவி இறந்துபோனார்.