அப்பாவுக்குத் தெரியாத ராணி

எங்கள் வீட்டில் அப்போது ஒரேயொரு கனடாக்காரன்தான் இருந்தான். அவன் என் தம்பி. வயது நாலு. தனியாகச் சப்பாத்துப் போடத் தெரியாது, மூக்குச் சீறத் தெரியாது. ஆனால் மொன்றியல் ஆஸ்பத்திரி ஒன்றில் பிறந்துவிட்ட ஒரே காரணத்தால் அவனை இந்த நாட்டிலிருந்து ஒருவராலும் அசைக்க முடியாது என்று எல்லோரும் சொன்னார்கள். மற்ற மூன்று பேரின் விஷயம் அப்படியில்லை. அப்பாவும் அம்மாவும் குடியுரிமை நீதிபதிக்கு முன்னால் போய் இருந்து, அவர் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்லவேண்டும். சொன்னால் அவர்களோடு சேர்த்து நானும் கனடாக்காரி. சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை மேல்வீட்டு மாமா விளக்கினார்.

மேல்வீட்டு மாமா எங்களுக்கு உறவில்லை. எங்கள் கட்டடத்தில் முதலாவதாகக் குடியுரிமை எடுத்த தமிழர் என்பதால் அந்த விஷயத்தில் அவர் வைத்ததுதான் சட்டம். ஞாயிற்றுக்கிழமைகளில் இறங்கி வந்து, எங்கள் கதிரையில் இருந்து, அம்மா போட்டுக் கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டே எங்கள் வயிற்றில் புளியைக் கரைத்துவிட்டுப் போவார். "கேட்டதுக்கு மட்டும் மறுமொழி சொல்லுங்கோ. ஒரு கேள்வி பிழைச்சுதோ, அவ்வளவுதான். பிளேனிலை ஏத்திப்போடுவாங்கள்" என்பார். பதில் பிழைத்தால் ஆறேழு மாதம் கழித்து மறுபடியும் வரச் சொல்வார்கள், வேறொன்றும் நடக்காது என்பது எங்களுக்குத் தெரியாது. அவருக்குத் தெரிந்திருக்கும் என்றுதான் இன்றைக்கு நினைக்கிறேன். ஆனால் அதைச் சொல்லிவிட்டால் ஞாயிற்றுக்கிழமைத் தேத்தண்ணிக்கு என்ன மரியாதை?

அப்பா துறைமுகத்துப் பக்கம் ஒரு களஞ்சியத்தில் பெட்டி இறக்கும் வேலை செய்தார். ஊரில் தபால் கந்தோரில் எழுதுவினைஞராக இருந்தவர். ஒருதரம் படித்தால் அவருக்கு மறக்காது. மாலையில் வேலையால் வந்து, கை கழுவி, சாப்பிட்டு, சமையலறை மேசையில் அமர்ந்துவிடுவார். நான் கேள்வி கேட்கவேண்டும், அவர் பதில் சொல்லவேண்டும். பள்ளிக்கூடத்தில் நான் படித்தது பிரெஞ்சில், அவர் பாடமாக்கியது ஆங்கிலத்தில். மாகாணங்களின் பெயர்கள் கூட எங்கள் இருவருக்கும் வேறு வேறாக இருந்தன. ஆனாலும் அவர் பிழைவிட்டதை நான் ஒரு நாளும் காணவில்லை. தலைநகரங்கள், கட்சிகள், செனட் சபை, எல்லாம் தண்ணீராய் வரும். ராணியைப் பற்றிக் கேட்டால் மட்டும் கொஞ்சம் நீட்டிச் சொல்வார். சின்ன வயதில் அவர் சேர்த்த முத்திரைகளில் அதே ராணியின் தலைதான் இருந்ததாம். கடையில் மிச்சம் வாங்கிய, அதே தலை பொறித்த சில்லறையை என் உள்ளங்கையில் வைத்து, "இவ எங்களுக்குப் பழைய ஆள்" என்று சொல்லிச் சிரிப்பார்.

அந்தச் சிரிப்பைத் தவிர வீட்டில் வேறு சிரிப்பு இருக்கவில்லை. நீதிபதியிடமிருந்து அழைப்பு வந்த நாளிலிருந்து அம்மாவின் குழம்பில் உப்பு ஒரு நாள் கூடும், ஒரு நாள் இருக்காது. அப்பா நித்திரையில் மாகாணங்களைச் சொன்னார். எனக்கும் பயம் பிடித்துக்கொண்டது. கதவு தட்டினால் பொலிஸ் என்று நினைத்தேன். பள்ளிக்கூட நூலகத்தில் எடுத்த கதைப் புத்தகத்தைப் பாதியிலேயே திருப்பிக் கொடுத்தேன். நாட்டை விட்டு அனுப்பும்போது கள்ளி என்ற பெயரையும் சுமந்துகொண்டு போகவேண்டாம் என்பது என் எண்ணம். அந்தக் கதையில் வந்த முயல் கடைசியில் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அப்பா ஒரு தடவைதான் குடியுரிமை தனக்கு ஏன் வேண்டும் என்று சொன்னார். அம்மாவுக்குத்தான் சொன்னார், நான் பக்கத்தில் படம் கீறிக்கொண்டிருந்தேன். "இது கிடைச்சிட்டுதெண்டால் பேந்து ஒருத்தரும் எங்களைப் பாத்து எழும்பு எண்டு சொல்லேலாது."

நீதிபதியிடம் போன நாள் மாசி மாதக் குளிர். அப்பா கடன் வாங்கிய கோட்டுப் போட்டிருந்தார். தோள் அவருக்குப் பெரிது. அம்மா சேலைக்குக் கீழே கம்பளிக் காற்சட்டையும் பனிச் சப்பாத்தும் போட்டிருந்தாள். பேருந்திலும் மெத்ரோவிலும் ஒருவரும் கதைக்கவில்லை, கனடாக்காரனைத் தவிர. அவன் யன்னல் கண்ணாடியில் மூச்சு விட்டு, விரலால் கீறி, தான் கீறியதைப் பார்த்துத் தானே கைதட்டிக்கொண்டிருந்தான்.

நீதிபதி என்றதும் கறுப்பு அங்கி, உயரமான மேடை, பக்கத்தில் துவக்கு ஏந்திய காவலாட்கள் என்று நான் கற்பனை செய்திருந்தேன். உள்ளே இருந்தது ஒரு வயதான வெள்ளைக்காரப் பெண்மணி. நீலக் கம்பளிச் சட்டை, கழுத்தில் சங்கிலியில் தொங்கும் மூக்குக்கண்ணாடி. எங்கள் சப்பாத்துகளில் இருந்து பனி உருகி அவருடைய கம்பளத்தில் வடிந்ததைப் பார்த்து அம்மா பதறினாள். அவர் கையசைத்து, பரவாயில்லை, இருங்கள் என்றார். தம்பிக்கு ஒரு இனிப்புக் கொடுத்தார். மேசையில் ஒரு தொலைபேசி இருந்தது. அவர் அதை எடுக்காமல் இருக்கும்வரை எங்களுக்கு ஆபத்தில்லை என்று நானே ஒரு கணக்குப் போட்டு, அதையே பார்த்துக்கொண்டு இருந்தேன்.

முதலில் எல்லாம் சரியாகத்தான் போனது. எங்கே இருக்கிறீர்கள், என்ன வேலை, எப்போது வந்தீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டார். அப்பா சொன்னார். குரல் நடுங்கியது, ஆனால் சொன்னார். அந்த நடுக்கம்தான் எங்களைக் கெடுத்தது. பாவம், மனிதர் இப்படிப் பயப்படுகிறாரே, சுலபமாக ஒன்றைக் கேட்போம் என்று அந்தப் பெண்மணி நினைத்திருக்கவேண்டும். தனக்குப் பின்னால் சுவரில் தொங்கிய பெரிய படத்தைக் காட்டி, இவர் யார், தெரியுமா என்று சிரித்துக்கொண்டே கேட்டார்.

ராணியின் படம். முடியோடும் நீலப் பட்டியோடும். எனக்கு மனசு குளிர்ந்துபோயிற்று. இதைவிடச் சுலபமான கேள்வி உலகத்திலேயே இல்லை. இனி அப்பா முத்திரைக் கதையையும் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

அப்பா கதிரையை விட்டு எழும்பினார். ஒருவரும் எழும்பச் சொல்லவில்லை. இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். கண் நிலத்தில் இருந்தது. "நோ, சேர்" என்றார்.

ஒரு பெண்ணைப் பார்த்து 'சேர்' என்றார்.

பெண்மணி திரும்பிப் படத்தைப் பார்த்தார், தூரமாக இருக்கிறதோ என்று. பிறகு மேசையில் கிடந்த புத்தகம் ஒன்றைத் திறந்து, பிரதமரின் படத்தை அப்பாவுக்கு முன்னால் நகர்த்தினார். இவரைத் தெரியுமா? தெரியாது. தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்களே? இல்லை, பார்க்கவேயில்லை, நான் வேலைக்குப் போகிறேன், வீட்டுக்கு வருகிறேன், வேறெங்கும் போவதில்லை. தினமும் இரவுச் செய்தியில் அந்த முகத்தைப் பார்த்து, இந்த மனிதன் வரியைக் கூட்டப்போகிறான் என்று அப்பா முணுமுணுப்பதை நான் கேட்டிருக்கிறேன். படித்ததெல்லாம் மறந்துபோயிற்றா? பயத்தில் மூளை நின்றுவிடும் என்று மேல்வீட்டு மாமா சொன்னது இதுதானா?

நல்ல மனம் படைத்தவர்கள் சில வேளைகளில் விடவே மாட்டார்கள். அந்தப் பெண்மணி இன்னும் சுலபமாக்கப் பார்த்தார். அன்றைய பத்திரிகையை விரித்து, கடைசிப் பக்கத்தில் இருந்த ஹொக்கி வீரரின் படத்தை எடுத்து நீட்டினார். மொன்றியலில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரிந்த முகம். அப்பா அதைப் பார்க்கவேயில்லை. பார்க்காமலே தெரியாது என்றார். நெற்றியில் வியர்வை துளிர்த்திருந்தது. மாசி மாதத்தில் ஒரு மனிதருக்கு அப்படி வியர்த்ததை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

அப்போதுதான் இனிப்பைச் சூப்பிக்கொண்டிருந்த தம்பி கதிரையில் ஏறி நின்று, எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்று பிரெஞ்சில் கத்தி, அந்த வீரரின் பெயரைச் சொல்ல வாயெடுத்தான். அப்பா பாய்ந்து அவன் வாயைப் பொத்தினார். செல்லமாக இல்லை. முகம் முழுவதும் மூட, இறுக்கிப் பொத்தினார். தம்பியின் கண்கள் மட்டும் வெளியே தெரிந்தன. அவனை ஒரு நாளும் அடித்தறியாத அப்பா அவர்.

பெண்மணியின் சிரிப்பு நின்றுவிட்டது. அவருடைய கை மேசையில் நகர்ந்தது. தொலைபேசியைத்தான் எடுக்கப்போகிறார் என்று எனக்கு நிச்சயம். முடிந்தது, எங்களை ஏற்றிப்போடுவார்கள், தம்பியை மட்டும் இங்கே விட்டுவிடுவார்கள், அவனுக்கு யார் சப்பாத்துப் போட்டுவிடுவது என்றெல்லாம் நினைத்தேன்.

அதுவரை சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டிருந்த அம்மா என் பக்கம் குனிந்தாள். அம்மாவுக்கு ஆங்கிலமும் கொஞ்சம், பிரெஞ்சும் கொஞ்சம். அவசரத்துக்கு இரண்டும் வராது.

"பிள்ளை, அந்தப் படங்களை அங்காலை எடுத்து வைக்கச் சொல்லு. கொப்பாவுக்குப் படத்தைக் காட்டிக் கேட்டால் வராது எண்டு சொல்லு. வாயாலை கேக்கச் சொல்லு."

நான் சொன்னேன். எனக்கு எளிதான பிரெஞ்சில், அம்மா சொன்ன அதே ஒழுங்கில் சொன்னேன். ஏன் என்று எனக்கே தெரியாது. பெண்மணி என்னைப் பார்த்தார். பிறகு அம்மாவை வெகுநேரம் பார்த்தார். அம்மாவும் கண்ணை எடுக்கவில்லை. அம்மா ஒரு அதிகாரியை அப்படி நேருக்கு நேர் பார்த்தது அதுதான் முதல் தடவை. இரண்டு பெண்களும் ஒரு வார்த்தை பேசாமல் ஏதோ பேசி முடித்துவிட்டார்கள், நடுவில் மொழிபெயர்ப்பாளர் நான் இருந்தும் எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

அவர் பத்திரிகையை மடித்தார். புத்தகத்தையும் அதையும் மேசை லாச்சிக்குள் போட்டு மூடினார். பிறகு எழுந்து, தன் கதிரையைத் தானே தூக்கிக்கொண்டு வந்து யன்னல் பக்கம் போட்டு அமர்ந்தார். அப்பாவையும் அந்தப் பக்கம் திரும்பி உட்காரச் சொன்னார். ராணி அப்பாவின் முதுகுக்குப் பின்னால் போய்விட்டார். யன்னலுக்கு வெளியே பனியும் ஒரு மரமும்தான் தெரிந்தன. அப்பா மெல்லத் தம்பியின் வாயிலிருந்து கையை எடுத்தார். தம்பி அழவில்லை. அவன் அழாமல் இருந்ததுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

கனடாவின் அரச தலைவர் யார் என்று அவர் தணிந்த குரலில் கேட்டார்.

அப்பா சொன்னார். பெயரைச் சொன்னார், பட்டத்தைச் சொன்னார், ஆட்சிக்கு வந்த ஆண்டைச் சொன்னார். பிரதமரையும் சொன்னார். மாகாணங்களைக் கிழக்கிலிருந்து மேற்காகச் சொல்லி முடித்து, யாரும் கேட்காமலே தலைநகரங்களையும் சொன்னார். சொல்லச் சொல்லக் குரல் அவருடைய குரலாகவே மாறியது. பெண்மணி எழுந்து கை கொடுத்தார். அம்மாவிடம் இரண்டு சின்னக் கேள்விகள்தான் கேட்டார், அம்மா அழுதுகொண்டே சொன்னாள்.

திரும்பி வரும்போது சந்தோஷப்பட வேண்டியவள் நான் கோபமாக இருந்தேன். இத்தனை நாள் கேள்வி கேட்டுப் பழக்கியது நான்தானே? அந்தப் பெண்மணிக்கு முன்னால் வெட்கப்பட வைத்துவிட்டாரே. மெத்ரோவில் ஏறியதும் கேட்டேன், ஏன் அப்பா ராணியைத் தெரியாது என்று சொன்னீர்கள் என்று. "எந்த ராணி?" என்றார் அப்பா. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அம்மா என் தோளைப் பிடித்து, "வாயை மூடிக்கொண்டு வா" என்றாள்.

பிறகு நாங்களும் கனடாக்காரர் ஆனோம். மேல்வீட்டு மாமா, தான் தந்த பயிற்சியால்தான் அது நடந்தது என்று எல்லோரிடமும் சொன்னார். அப்பா இறக்கும்வரை அந்த நாளைப் பற்றி யாரும் கதைக்கவில்லை. அவர் போன பிறகு, கர்க்லாண்டில் என் வீட்டுக்கு வந்து நின்ற அம்மா, என் பிள்ளைகளின் உடுப்பை மடித்துக்கொண்டே ஒரு பகல் நேரம் சொன்னாள்.

ஊரை விட்டு வருவதற்குச் சில மாதங்கள் முன்பு அப்பாவை ஆமிக்காரர் முகாமுக்குக் கொண்டுபோனார்களாம். எழும்பி நில் என்று சொல்லி, கையைப் பின்னால் கட்டச் சொல்லி, ஒவ்வொரு படமாகக் காட்டி, இவனைத் தெரியுமா என்று கேட்டார்களாம். அதில் ஒன்று அப்பாவின் தம்பி. கண் மூடிக் கிடந்த படம். தெரியும் என்றால் அப்பா திரும்பி வந்திருக்கமாட்டார். தெரியாது, சேர் என்றார். மறுபடி காட்டினார்கள். மறுபடியும் தெரியாது என்றார். வீட்டுக்கு விட்டார்கள். தெரியாத ஒருவனுடைய உடம்பை எப்படிப் போய்க் கேட்பது? செத்தவீடும் இல்லை, எட்டாம் நாள் சடங்கும் இல்லை, சுவரில் மாலை போட்ட படமும் இல்லை. சின்னப்பிள்ளை, ஆமிக்காரர் கேட்கும் இடத்தில் வாய் தவறிச் சொல்லிவிடும் என்று எனக்கு முன்னால் அந்தப் பெயரை எடுப்பதையே அன்றோடு நிறுத்திவிட்டார்கள். கனடாவுக்கு வந்த பிறகும் அதைத் திரும்பத் தொடங்க அப்பாவால் முடியவில்லை.

அந்தச் சித்தப்பா என்னைத் தூக்கித் திரிந்தவராம். எனக்கு முதல் எழுத்துக் காட்டியதும் அவராம். நீதிபதியின் அறையில் அன்றைக்கு யாராவது சித்தப்பாவின் படத்தை என்னிடம் நீட்டி, இவரைத் தெரியுமா என்று கேட்டிருந்தால், நானும் தெரியாது என்றுதான் சொல்லியிருப்பேன். நான் சொல்லியிருந்தால் அது உண்மை.