சுவரில் போட்ட தேதி

எழுபதுகளின் தொடக்கத்தில், பென்னாகரத்தைச் சுற்றிய கிராமங்களில் நான் மலேரியா ஊழியனாக இருந்தேன். வீடு வீடாகப் போய் யாருக்காவது காய்ச்சலா என்று கேட்பேன். இருந்தால் விரல் நுனியில் குத்தி, கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, மாத்திரை கொடுப்பேன். கிளம்பும் முன் வாசல் சுவரில் தேதியும் கையெழுத்தும் போட வேண்டும். பின்னால் வரும் மேற்பார்வையாளருக்கு அதுதான் சாட்சி. பள்ளிக்கூடத்தில் படித்த எழுத்து எனக்குச் சோறு போட்டது அந்தச் சுவர்களில்தான்.

வேலை நிரந்தரமாகாத காலம். ஒரு நாள் காலை மேற்பார்வையாளர் என்னை ஒரு வீட்டின் முன் நிறுத்தினார். சுவர் முழுக்கப் புதுச் சுண்ணாம்பு. ஒரு எழுத்தில்லை.

"நீ இந்த வூட்டுக்கே வரலை. உக்காந்த எடத்துல நோட்டுல எழுதிட்டே" என்றார்.

அப்படிப் பிடிபட்டவர்களுக்கு மறுநாள் வேலை இருக்காது. வந்தேன் என்று எவ்வளவு சொல்லியும் அவர் கேட்கவில்லை. சத்தம் கேட்டு வீட்டுக்கார அம்மா வெளியே வந்தார்.

"அவரு வந்தாருங்க. நாந்தான் அழிச்சேன்."

"ஏம்மா அழிச்சே?"

"புள்ளையப் பொண்ணு பாக்க வர்றாங்க. காச்சக்காரங்க வூடுன்னு எழுதியிருக்குமோன்னு பயந்துட்டேனுங்க. எனக்கு எங்க படிக்கத் தெரியுது?"

வாய்ப்பேச்சு ஆபீசில் செல்லாது என்று மேற்பார்வையாளர் ஒரு தாளில் எழுதி, கைரேகை வைக்கச் சொன்னார். அந்த அம்மா கையை நீட்டவில்லை.

"மொதல்ல படிச்சுக் காட்டுங்க."

மேற்பார்வையாளர் படித்தார். அந்த அம்மாவுக்கு வம்பு வரக் கூடாதென்று, மழையில் அழிந்ததாக எழுதியிருந்தார்.

"மழை எங்கீங்க பேஞ்சுது? நான் அழிச்சேன்னே எழுதுங்க. நாளைக்கு இவரு மேல பழி வரப் போவுது."

மேற்பார்வையாளர் சிரித்துவிட்டார். வேறு தாளில் அப்படியே எழுதி, கைரேகை வாங்கிக்கொண்டார். சர்க்கார் எழுத்தை அழித்தேன் என்று சர்க்கார் ஆளிடமே சொல்ல அன்று எத்தனை பேருக்குத் துணிவு வரும்? வீட்டுக்குள்ளேயே இருந்திருந்தால் அந்த அம்மாவை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

அன்றிலிருந்து எந்த வீட்டிலும் எழுதுவதை வாய்விட்டுப் படித்தே எழுதினேன். "இது இன்னிக்குத் தேதி, இது எங்கையெழுத்து. வேற ஒண்ணும் இல்லீங்க." காய்ச்சலை மறைத்துக் கதவுக்குப் பின்னால் நின்றவர்கள்கூட மெல்ல விரலை நீட்டத் தொடங்கினார்கள்.

அந்த வீட்டுப் பெண் கல்யாணமாகி மொரப்பூர்ப் பக்கம் போனாள். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தபோது குளிர் காய்ச்சல் கண்டது. அந்த அம்மா என்னைத் தேடி ஆளனுப்பினார். போய் ரத்தம் எடுத்தேன், ஆஸ்பத்திரிக்கும் அழைத்துப் போனேன். பெண் தேறினாள்.

அடுத்த முறை போனபோது அந்த அம்மா கையெடுத்துக் கும்பிட்டார்.

"நீங்க நல்லா இருக்கோணுங்க."

"கும்புட வேண்டியவன் நாந்தானுங்கம்மா" என்றேன். ஒரு சொம்பு மோர் கொடுத்தார். குடித்துவிட்டு அடுத்த வீட்டுக்கு நடந்தேன்.