மகன் போட வேண்டிய மண்

எங்கள் லயத்தில் வரிசையாக ஒட்டியிருக்கும் எந்த வீட்டுக்கும் தனி விலாசம் கிடையாது. ஆளின் பெயரும் தோட்டத்தின் பெயரும் போட்டு, தெரணியகலை என்று எழுதினால் தபால் தோட்டத்து ஆபிசுக்கு வந்துவிடும். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்தில், தபால் வந்தவர்களைக் கிளாக்கர் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தால், "எந்த லயம்?" என்பார். என் மனைவி தினமும் கடைசி ஆளாக நின்றுவிட்டுத்தான் மலைக்குப் போவாள். இந்தியாவுக்குப் போய்விட்ட தன் தங்கை எழுதுவாள் என்று நம்பிக்கை. தங்கைக்கு எழுதத் தெரியாதே என்றால், "யாரையாச்சும் புடிச்சு எழுதுவா" என்பாள்.

என் மனைவி இறந்தபோது மகன் கத்தாரில் இருந்தான். லீவு கிடைக்கவில்லை. எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. குழியில் முதல் பிடி மண்ணை மகன்தான் போட வேண்டும். அதுவரை மற்றவர்கள் எடுத்த மண் அவரவர் கையிலேயே இருக்க வேண்டும். கீழே உதறக் கூடாது.

"என் மண்ண நீங்க போடுங்கப்பா. ஆனா நான் பாத்துக்கிட்டு இருக்கணும். நான் பாக்காம போட்டுறாதீங்க" என்று ஆபிஸ் போனில் சொன்னான்.

லயத்திலும் கல்லறையிலும் போனுக்கு சிக்னல் எடுக்காது. சர்ச்சில் மட்டும் இன்டர்நெட் லைன் உண்டு. கொழும்பில் கம்ப்யூட்டர் நெட்வொர்க் வேலை செய்கிற மகள் ஒரு ரவுட்டரைக் கொண்டுவந்திருந்தாள். அதை லேப்டாப்பில் மாட்டி, கறுப்புத் திரையில் வரி வரியாக அடித்தாள். படம் ஒன்றும் இல்லை, எழுத்து மட்டும்தான்.

"என்ன புள்ள பண்ற?"

"உள்ள ஒவ்வொரு போனுக்கும் ஒரு நம்பர் இருக்குப்பா. அது வெளிய செல்லாது. வெளிய சர்ச்சுக்கு ஒரே நம்பர்தான். எல்லாரும் அந்த ஒண்ணுலதான் போகணும். எந்த போன் என்ன கேட்டுச்சுன்னு இது ஞாபகம் வச்சுக்கும். பதில் வந்தா அந்தந்த போனுக்கே மாத்தி அனுப்பும்."

"அப்ப நம்ம கிளாக்கர்னு சொல்லு."

"ஆமா. ஆனா இது குடிக்காது."

உள்பக்கம் எது, வெளிப்பக்கம் எது, எந்த நம்பர்களை வெளியே விடலாம் என்று எழுதி முடித்தாள். சர்ச்சில் சவப்பெட்டியை மூடுவதற்கு முன் மகன் போனில் தாயின் முகத்தைப் பார்த்தான்.

கல்லறை, ரப்பர் மலைக்குக் கீழே பள்ளத்தில் இருக்கிறது. மகள் சர்ச்சிலிருந்து அங்கே ஒரு வயரை இழுத்து, பலாமரத்தில் ஒரு சின்ன வைஃபை பெட்டியை மாட்டியிருந்தாள். சவப்பெட்டியை இறக்கினோம். ஃபாதர் ஜெபம் முடித்தார். மழை தூறத் தொடங்கியதும் எல்லோரும் மண்ணை எடுத்துக்கொண்டார்கள். நானும் மகனுக்காக ஒரு பிடி எடுத்தேன். போனில் சிக்னல் கோடுகள் முழுசாக இருந்தன. மகன் மட்டும் வரவில்லை.

மகள் ஈர மண்மேட்டிலேயே உட்கார்ந்து மடியில் லேப்டாப்பைத் திறந்தாள். ஒருவர் குடை பிடித்தார். விரல்களுக்கு இடையில் செம்மண் தண்ணீராக வழிந்தது.

"அண்ணே, மண்ணு சேறாகுது. நீங்களே போட்டுருங்க. தம்பி புரிஞ்சுக்கும்" என்றார் பக்கத்துக் காம்பரா வீட்டுக்காரர்.

அவர் மனைவி விடவில்லை. "கசிப்புச் சாராயத்துக்கு மணிக்கணக்கா நிப்பீங்க. செத்தவளுக்குக் கொஞ்சம் நிக்கக் கால் வலிக்குதோ?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். கையைத் திறக்கவில்லை.

"போன் கேக்குறது ரவுட்டர் வரைக்கும் வருது. அங்கேருந்து வெளிய போகல" என்று மகள் தனக்குள் சொன்னாள். பிறகு அவள் கை நின்றது. அதுவரை அழாதவள் குரல் அப்போதுதான் உடைந்தது.

"சர்ச்சுக்குள்ள இருக்குற போன் நம்பருங்களுக்கு மட்டும்தான் வெளிய போக அனுமதி எழுதியிருக்கேன். இந்தப் பலாமரத்துப் பெட்டிக்கு வேற வரிசை நம்பர் குடுத்தேன். அத சேக்கவே இல்ல. அம்மா இருக்குற பக்கத்த விட்டுட்டேன்ப்பா."

ஒரு வரிதான் அடித்தாள். மகனின் முகம் வந்தது. வேலை உடுப்போடு ஏதோ சுவர் ஓரம் நின்றிருந்தான். மகள் போனைக் குழிப்பக்கம் திருப்பினாள். அவன் வலது கையை மூடி முன்னால் நீட்டினான். நானும் நீட்டினேன். அவன் விரல்களைத் திறந்தபோது நான் திறந்தேன்.

அதற்குப் பிறகுதான் எல்லோரும் போட்டார்கள். மண் விழுகிற சத்தம் ஓய்ந்தபோது என் கை வெறுமையாக இருந்தது. எனக்கென்று எடுக்க மறந்திருந்தேன். குனிந்து எடுத்தேன்.