வட்டவடையில் ஏறி இறங்கிய பனி

காலை மணி ஆறு நாற்பது. கூடாரத்தை விட்டு வெளியே வந்ததும் முதலில் கண்ணில் பட்டது சுண்ணாம்பு பூசிய கற்களின் வரிசை. முந்தின நாள் மாலை அது உள்ளூர் விவசாயி முத்துக்காளையின் பூண்டு வயலுக்குக் கீழே இருந்தது. இப்போது வயலுக்கு மேலே இருந்தது!

என் நண்பர் வரதன் கோயமுத்தூரில் நிலவியல் வாத்தியார். ஒரு காலத்தில் வட்டவடை மலையில் பனி பாளம் பாளமாக இறங்கியிருக்குமோ என்று அவருக்கு ஒரு சந்தேகம். இறங்கும் பனி பாறையைக் கீறும். இழுத்து வந்த கற்களை, உருகும் இடத்தில் போட்டுவிடும். அவற்றைத் தேடிப் போனால் பனி எதுவரை வந்தது என்று சொல்லிவிடலாமாம். சந்தேகப்பட்ட இடத்திலெல்லாம் சுண்ணாம்பு பூசிய ஒரு கல்லை வைத்தார். லீவு போட்டுவிட்டு நானும் கூடப் போயிருந்தேன்.

போனது எப்போது? இந்த 1956 மார்ச்சில். மாநிலங்களைப் பிரிக்கப் போகிறார்கள், இந்த மலை யாருக்கு என்று டீக்கடைதோறும் சண்டை நடந்த மாதம். அப்போது பார்த்து ஒருவர் நிலம் அளக்கும் சங்கிலியும் மேப்புமாக வந்து சரிவில் கல் வைத்தால் ஊர் என்ன நினைக்கும்?

முத்துக்காளை வயலிலேயே நின்றிருந்தார்.

"கல்லை நகத்துனது நீங்களா?" என்றார் வரதன்.

"நாந்தேன் சார். வீடு ஓடைக்கு அங்கிட்டு, பூண்டு இங்கிட்டு. நடுவுல கோட்டப் போட்டா, தண்ணி பாய்ச்ச தெனம் பாஸ் வாங்கிட்டா வர?"

"இது எல்லைக்கல் இல்லீங்க. பனி எதுவரைக்கும் வந்துச்சுன்னு பாக்குறேன்."

"எப்ப வந்த பனி?"

"லட்சக்கணக்கான வருஷத்துக்கு முந்தி."

முத்துக்காளை என்னைப் பார்த்துச் சிரித்தார். "சொல்லக்கூடாதுன்னு உத்தரவுன்னா சொல்லாதீக சார். அதுக்கு இப்பிடியா ஒரு பொய்யி?"

வதந்தி நடமாடும் ஊரில் உண்மையை விட நம்ப முடியாத சங்கதி வேறு உண்டா?

வரதன் கற்களைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்தார். மறுநாள் காலை... அவை ஓடைக்கும் கீழே, முத்துக்காளையின் வீட்டு வாசல் வரை இறங்கியிருந்தன! இது அவர் மச்சான் சின்னத்தம்பியின் வேலை. சின்னத்தம்பிக்கு வீடு சரிவின் மேலே, உருளைக்கிழங்கு வயல் கீழே ஓடைக்கரையில்.

"ஏன் மச்சான், எங்க வீட்ட மட்டும் தனியா வெட்டிவிடவா பாக்குறீக?"

"ஒன் பூண்டுக்கு ஒரு நாயம், என் கெழங்குக்கு ஒரு நாயமா மாப்ள?"

இரண்டே நாளில் பனி ஒரு முறை பின்வாங்கி, ஒரு முறை முன்னேறிவிட்டது. எந்த யுகத்தில் இந்த வேகம் கண்டோம்!

மூன்றாம் நாள் மச்சானும் மாப்பிள்ளையும் ராஜி ஆனார்கள். ஊரே கூடி, கற்களைத் தலையில் சுமந்து, ஆரவாரமாகக் கிழக்கு முகட்டில் கொண்டுபோய் வைத்தது. "பனி இங்கனயே நின்னுருச்சுன்னு எழுதிக்கிருங்க சார்!" பின்னால் மூச்சு வாங்க ஓடிய வரதன், "ஐயா, பனி மேல ஏறாதுய்யா!" என்று கத்தினார். யார் கேட்டார்கள்?

வரதன் அதன் பிறகும் ஒரு வாரம் தேடினார். ஒரு கீறல்கூடக் கிடைக்கவில்லை. வட்டவடையில் பனி இறங்கியதற்கு அடையாளம் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

நவம்பரில் மாநில எல்லை வந்தது. அது கிழக்கு முகட்டின் மேல் போகிறது. முத்துக்காளையின் வீடும் பூண்டு வயலும் கேரளத்தில் இருக்கின்றன.