கிருமி வளராத வட்டம்

கோவில்பட்டியில் எம்.எஸ்ஸி. நுண்ணுயிரியல் படித்தபோது, மண்புழுவின் உடல் நீருக்குக் கிருமியைத் தடுக்கும் சக்தி உண்டா என்று பார்ப்பதை ஆய்வாக எடுத்தேன். எடுத்த பிறகுதான் திகைப்பு. கோடைக் கரிசல் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. புழுவுக்கு எங்கே போக?

எங்கள் ஊரான நாகலாபுரத்தில் அண்ணன் மனைவி, என் மதினி, தொழுவுக்குப் பின்னால் மண்புழு உரத்தொட்டி வைத்திருந்தார்.

"புழு தாரேன். ஆனா கொன்னுராத. சாணி போட்டு, தண்ணி தெளிச்சு வளக்குதேன்."

"உயிரோட கொண்டாந்து விடுதேன் மதினி" என்றேன்.

புழுவைக் கீறித்தான் உடல் நீரை எடுக்க வேண்டும் என்றார்கள் உடன் படித்தவர்கள். நான் புழுக்களைக் கழுவி, வெதுவெதுப்பான உப்புநீர் பட வைத்தேன். நெளிந்து, மஞ்சளாகக் கொஞ்சம் நீரைக் கசியவிட்டன. ஈரச்சாக்கில் விட்டதும் பிழைத்துக்கொண்டன.

கிருமி வளர்த்துப் பார்க்கும் கண்ணாடித் தட்டில் அந்த நீரை வைத்தேன். முதல் தட்டு பாழ். புழுவின் குடலில் இருந்த மண்ணும் நீரோடு கலந்து, தட்டு முழுக்கக் கண்ட கிருமியும் வளர்ந்துவிட்டது. அழுகை வந்தது. மறுபடி ஊருக்குப் போய், பழைய புழுக்களைத் தொட்டியில் விட்டுவிட்டு வேறு புழு வாங்கிவந்தேன். இம்முறை குடல் காலியாகும்வரை ஈரத்தாளில் வைத்திருந்து, பிறகு நீரை எடுத்து வடிகட்டினேன். கிருமி பூசிய தட்டில் ஒரு பக்கம் அந்த நீர், மறுபக்கம் வெறும் உப்புநீர்.

மறுநாள் திறந்தால், உப்புநீர் வைத்த இடம் முழுக்கக் கிருமிப் படலம். புழுநீரைச் சுற்றி மட்டும் கண்ணாடி மாதிரித் தெளிந்த வட்டம். திரும்பத் திரும்பச் செய்து பார்த்தேன். வட்டம் விழுந்துகொண்டே இருந்தது.

மதினியை பஸ் ஏறி வரச் சொன்னேன். தட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"ஏட்டி, இந்த வட்டத்துக்குள்ள கிருமி வரலையா?"

"வரல மதினி. உங்க தொட்டிப் புழு வரவிடல."

சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். ஆய்வகத்தில் இருந்தவர்களிடம், "எங்க நாத்தனாதான் இதைச் செஞ்சது" என்றார், அவர்களுக்கு அது தெரியாதது போல.

ஊரில் செய்தி பரவிவிட்டது. நான் போயிருந்த ஒருநாள், காலில் புண்ணோடு பக்கத்து வீட்டு அண்ணாச்சி தொட்டிக்கு வந்து நின்றார். பூசிக்கொள்ளப் புழு வேண்டுமாம். நான் வாய் திறக்குமுன் மதினி மறித்தார்.

"ஆஸ்பத்திரிக்குப் போங்க அண்ணாச்சி. அவ தட்டுல வளத்த கிருமிக்குத்தான் பாத்திருக்கா. மனுசப் புண்ணுக்கு இன்னும் யாரும் பாக்கல."

ஆய்வுக்கு வாங்கிய மதிப்பெண்ணைவிட அந்த நிமிஷம்தான் எனக்குப் பெருமை.