பெட்ரோல் ஏறாத வண்டி

தெருவுக்கே அவள் டெய்லரக்கா. அவள் கணவர் மீசை முளைத்த காலத்திலிருந்து வாடகைக் கார் ஓட்டியவர். கடைசியாக ஓட்டிய பழைய காரை முதலாளியிடமே விலைக்கு வாங்கி, பெற்ற பிள்ளையாய்ப் பார்த்துக்கொண்டார். இன்னொருவர் கை ஸ்டியரிங்கில் படக் கூடாது. கட்டிய மனைவிக்கும் பக்கத்து சீட்டுதான்.

போன மழைக்காலத்தில் அவரைப் பக்கவாதம் சாய்த்தது. வலது கை விழுந்துவிட்டது; காலை இழுத்து இழுத்து நடந்தார். பேச்சில் மிஞ்சியது 'இல்ல' என்ற ஒரே சொல். பசித்தாலும் இல்ல, வலித்தாலும் இல்ல. எந்த 'இல்ல'வுக்கு என்ன அர்த்தம் என்பது டெய்லரக்காவுக்கு மட்டுமே பிடிபட்டது.

வாராவாரம் ஆஸ்பத்திரிப் பயிற்சிக்கு அவள் தம்பிதான் தன் வண்டியில் கூட்டிப்போனான். அவனுக்கு வேலை மாற்றல் வரப்போவது தெரிந்ததும் அவள் சத்தமில்லாமல் கார் ஓட்டப் பழகி லைசென்ஸ் எடுத்தாள். கணவரிடம் சொல்லத்தான் வாய் வரவில்லை. காரோ, சும்மா நின்ற மாதங்களில் கிளம்பவே மறந்துவிட்டது. மெக்கானிக் புது பெட்ரோல் பம்ப் போட்டும் பயனில்லை.

மாற்றலான ஊருக்குக் கிளம்புவதற்கு முன் தம்பி ஒருமுறை சாவியைத் திருகிப் பார்த்தான். இன்ஜின் இருமியதோடு சரி.

"எடைக்குப் போட்டுடுக்கா. ஆட்டோல போயிக்கலாம்."

"அவரை ஆட்டோவுல மடக்கி வைக்க முடியுமாடா? நீ சாவியைப் பிடி, போதும்."

கணவரை நாற்காலியோடு கார் பக்கத்தில் உட்கார வைத்தாள். "பேட்டரியாங்க?" "இல்ல." "பிளக்கா?" "இல்ல." அவர் இடது கை, பெட்ரோலும் காற்றும் கலக்கும் கார்புரேட்டரைக் காட்டி, ஊற்றுவதுபோல் கவிழ்ந்தது. அதன் வாயில் ஒரு கரண்டி பெட்ரோல் ஊற்றச் சொல்கிறார் என்று புரிந்துகொண்டு ஊற்றினாள். தம்பி சாவியைத் திருகியதும் இன்ஜின் உறுமியது; மறு நொடியே குரல்வளையை நெரித்தாற்போல் நின்றது.

"அப்போ தீப்பொறி இருக்கு. பெட்ரோல்தான் வந்து சேரல," என்றான் தம்பி.

கார்புரேட்டருக்கு வரும் குழாயைக் கழற்றி ஒரு பாட்டிலுக்குள் விட்டுப் பிடித்தாள். தம்பி மறுபடி திருக, பெட்ரோல் சோப்பு நுரைபோலத் துப்பித் துப்பி வந்தது.

"இல்ல! இல்ல!" கணவர் வண்டியின் பின்பக்கத்தைக் காட்டிப் பதறினார்.

அவள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு வண்டிக்கடியில் நுழைந்தாள். டேங்கை ஒட்டி ஒரு சாண் ரப்பர் குழாய். வளைத்துப் பார்த்தால் பித்தவெடிப்பு விழுந்த குதிகால்போல் விரிசல். வெளியே ஒரு சொட்டு ஒழுகவில்லை. ஆனால் பம்ப் உறிஞ்சும்போதெல்லாம் அந்த விரிசல் வழியே காற்று புகுந்திருக்கிறது. வண்டி நின்றதும் குழாயில் ஏறிய கொஞ்சநஞ்சமும் டேங்குக்கே திரும்பியிருக்கிறது.

தம்பி புதுக் குழாய் வாங்கிவந்தான். துணியைத் தவிர வேறெதிலும் படாத தன் கத்தரியால் அவள் அதை அளவாக வெட்டி மாட்டினாள். சாவியைத் திருகித் திருகி பெட்ரோல் மேலே ஏறியதும் இன்ஜின் பிடித்துக்கொண்டது.

நோய் வந்தபின் முதன்முறையாகக் கணவர் கோணிய வாயால் சிரித்தார். நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து, காரைப் பிடித்துப் பிடித்து டிரைவர் பக்கத்துக்கு வந்தார். தம்பி இறங்கி விலகினான். அவர் நின்றபடியே இடது கையை ஸ்டியரிங்கின் மேல் வைத்தார்.

டெய்லரக்கா அவர் பக்கத்தில் வந்து நின்றாள். "என்னங்க... இனி நான் ஓட்டுறேன். லைசென்ஸ் எடுத்துட்டேன்."

அவர் மைத்துனனைப் பார்த்தார். அவன் தலையைக் குனிந்துகொண்டான். ஸ்டியரிங்கிலிருந்து கை மெல்ல இறங்கியது. கத்துவார் என்று பயந்தாள், அவர் கத்தவில்லை. பக்கத்து சீட்டுக்கும் போகவில்லை. பின்கதவைத் திறந்து, காலைத் தூக்கி வைத்து, ஏறி உட்கார்ந்துகொண்டார்.

இப்போதெல்லாம் வண்டி தொட்டவுடன் கிளம்புகிறது. ஆஸ்பத்திரிப் பயணம் ஒரு வாரம்கூடத் தவறுவதில்லை. அவர் மட்டும் காசு கொடுத்து ஏறிய சவாரிபோல் பின்சீட்டிலேயே உட்கார்ந்து வருகிறார். சிக்னலில் நிற்கும்போது அவள் கண்ணாடியில் அவரைப் பார்ப்பாள். அவர் முகம் ஜன்னல் பக்கமே இருக்கும்.